சோறு தின்னும் நேரம் யாருடையது?

என் முன்னால் ஒரு தாள் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போன பெண்ணுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த உணவு அட்டவணை. காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி, சாம்பார். பத்து மணிக்கு இன்னும் இரண்டு இட்லி. பகல் ஒரு மணிக்கு ஒரு கிண்ணம் சோறு, கீரை, பருப்பு, முட்டை. நாலு மணிக்குச் சுண்டல். இரவு எட்டு மணிக்குச் சப்பாத்தி. பத்து மணிக்குப் படுக்குமுன் சர்க்கரை போடாத பால்.

இதை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே வாசிக்கிறேன். இடது பக்கம் மணி, வலது பக்கம் உணவு. எல்லாரும் வலது பக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அரிசியைக் குறை, சிறுதானியம் சேர், பழச்சாறு வேண்டாம். இடது பக்கத்தைப் பற்றிப் பேசுவாரில்லை. எட்டு, பத்து, ஒன்று, நாலு, எட்டு, பத்து. இந்த ஆறு மணியும் அந்தப் பெண்ணின் கையில் இருந்தால்தான் வலது பக்கத்துக்கு அர்த்தம் உண்டு. எங்கள் பெண்களின் கையில் அது எப்போது இருந்தது?

தாள் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் பாதிக்குமேல் நச்சுக்கொடியிலிருந்து சுரக்கிற சில சுரப்புகள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தடையில்லாமல் போய்ச் சேர உடம்பு செய்கிற ஏற்பாடு அது. அதை ஈடுகட்டக் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உழைக்க வேண்டும். முடியாதவளுக்குச் சர்க்கரை ஏறுகிறது. அது கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் கணையம் தன் பங்குக்கு இன்சுலினைச் சுரக்க, குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோக, அதன் ரத்தத்தில் சட்டென்று சரிகிறது. காலை நேரத்தில் இன்சுலின் இன்னும் மந்தம். அதனால் நாலு இட்லியை ஒரே மூச்சில் தின்றால் ஏறுகிற அளவு, இரண்டும் இரண்டுமாக இரண்டு மணி இடைவெளியில் தின்றால் ஏறாது. அதே சமயம் கர்ப்பிணி நீண்ட நேரம் வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்பதும் கேடு, நெடுநேரம் பட்டினி கிடப்பதும் கேடு. எங்கள் சேரிகளின் சாப்பாட்டு வரலாறு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

எம்.ஏ. வகுப்பில் ‘மருந்து’ அதிகாரம் நடத்தினார்கள். முன்னே தின்றது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு அளவறிந்து உண் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார் வள்ளுவர். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த அதிகாரத்தில் இலை எப்போதும் விரித்தே கிடக்கிறது. பசித்தால் சோறு வருமா என்ற சந்தேகம் அங்கே யாருக்கும் இல்லை. எழுந்து கேட்டேன். “அது வேற அதிகாரம்மா” என்றார் பேராசிரியர். அவர் சொன்னது சரிதான். நல்குரவு, இரவு, இரவச்சம் என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக இருக்கத்தான் செய்கின்றன.

எங்கள் அதிகாரத்துக்கு வருகிறேன். கீழத்தஞ்சையில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, அந்தப் போராட்டத்தின் கணக்கும் நெல்லில்தான் இருந்தது. எத்தனை படி, யாருடைய மரக்கால், உள்ளூர் ஆளா வெளியூர் ஆளா என்று நம் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதியதில்லை. கர்ப்பிணியின் வயிற்றுக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

என் அப்பாயி நடவாள். ஏழு பெற்று நாலைக் காப்பாற்றியவர். பேச்சுக்கொடுத்தால் போதும், இப்படித்தான் சொல்வார்: “பொழுது எறங்குனப்புறந்தான் நெல்லு அளப்பாங்க. மடியில வாங்கியாந்து, சட்டியில வறுத்து, ஒரல்ல போட்டுக் குத்தி, பொடச்சி, அப்பறந்தான் ஒலை வைக்கணும். சோறு வடிக்கிறப்ப புள்ளைவொ தூங்கிப்போயிரும். எழுப்பி எழுப்பி ஊட்டணும்.”

நெல்லைக் குத்தி அரிசியாக்கித்தான் தின்ன முடியும். பகலெல்லாம் வயலில் நின்றவள் குத்துவது ராத்திரியில்தான். ஆகவே சேரியில் அடுப்பு எரிவது ராத்திரியில். சூடான சோறு என்பது ராத்திரிச் சோறு. ஊருக்குள்ளே விடிகாலை, மத்தியானம், இரவு என்று மூன்று அடுப்பு புகைந்தபோது சேரியில் ஒரே புகைதான். இதைப் பார்த்து, சேரிக்காரன் ஒரு வேளைதான் ஆக்குவான், ராத்திரியில் வயிறு புடைக்கத் தின்பான் என்று எங்கள் வழக்கமாகவே எழுதி வைத்தவர்கள் உண்டு. வழக்கமில்லை ஐயா, அது கூலி அளந்த நேரம்.

காலையில்? ராத்திரி மிச்சம் வைத்து நீர் ஊற்றிய பழைய சோறு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற காலத்திலும் அப்பாயிக்குக் கிடைத்தது என்ன? “சோத்தைப் புழிஞ்சி அந்த மனுசனுக்கும் புள்ளைவொளுக்கும் வச்சிருவேன். எனக்கு அந்தத் தண்ணிதான். உப்பப் போட்டுக் குடிச்சா கம்முனு இருக்கும்.” நடவுக்கு இறங்கினால் காரியக்காரர் சொல்லாமல் கரையேற முடியாது. பகல் மூன்று மணிக்குமேல் ஏறினால் உண்டு. ராத்திரி ஒன்பதுக்குத் தின்ற சோறு, மறுநாள் மூன்று மணி. எண்ணிப் பாருங்கள், பதினெட்டு மணி நேரம்.

இந்தப் பதினெட்டு என்ற எண்ணை நான் பிறகு வேறொரு இடத்தில் பார்த்தேன். 1982இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் மெட்ஸ்கர், ஃப்ரைங்கல் முதலிய மருத்துவர்கள் நிறைமாதத்தை நெருங்கிய நலமான பெண்களையும் கர்ப்பமில்லாத பெண்களையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினெட்டு மணி நேரம் உண்ணாமல் இருக்கச் செய்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காலை உணவு தள்ளிப்போகத் தள்ளிப்போகக் கர்ப்பிணியின் ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கியது. உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து எரிக்கும்போது உண்டாகிற கீட்டோன் மேலே ஏறியது. மற்ற பெண்களிடம் இந்த மாற்றம் இவ்வளவு இல்லை. வேகமெடுத்த பட்டினி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மற்றவர் இரண்டு நாள் கிடந்தால் வருகிற பட்டினி நிலை கர்ப்பிணிக்கு ஒரு காலைச் சாப்பாடு தவறினாலே எட்டிப்பார்க்கிறது. சிகாகோவில் அதைச் சோதனை என்று வைத்துச் செய்தார்கள். எங்கள் தெருவில் நடவு தொடங்கினால் அறுப்பு முடியும்வரை அதுதான் நடைமுறை.

இன்னொன்றும் அப்பாயி சொல்வார். “நெறைய தின்னா புள்ள பெருத்துரும், வெளிய வராது.” ஏழாம் மாதத்துக்குமேல் வேண்டுமென்றே குறைத்துத் தின்றிருக்கிறார்கள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கத்தி வைத்துப் பிள்ளை எடுக்க ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில், மருத்துவச்சி ஒருத்தியை நம்பிப் படுக்கிறவளுக்குச் சின்னப் பிள்ளைதான் பாதுகாப்பு. பெருத்த பிள்ளை தாயைக் கொல்லும் என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆஸ்பத்திரி யாருக்கு இருந்தது என்று பார்த்தால் அங்கேயும் சாதி முன்வாசலிலேயே நிற்கிறது. 1885இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் முயற்சியில் சென்னையில் தொடங்கிய பெண்கள் மருத்துவமனையின் பெயரே ‘சாதி மற்றும் கோஷா’ மருத்துவமனை. பொது ஆஸ்பத்திரிக்கு வர மறுத்த சாதி இந்துப் பெண்களையும் கோஷா முஸ்லிம் பெண்களையும் மனதில் வைத்துக் கட்டியது. இன்றைக்கு அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. எல்லாப் பெண்களும் போகிறார்கள். சனங்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். பெயரில் கோஷா மட்டும் தங்கிவிட்டது, சாதி நைசாக இறங்கிக்கொண்டது.

1931இல் இதே மருத்துவமனையில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வேலை பார்த்திருக்கிறார். அதற்கு முன்பு 1928 முதல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்ப காலத்தில் வந்த கொடிய ரத்தசோகையை ஆராய்ந்தவர். அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது பெண்கள் பிழைத்தார்கள். அந்தச் சாற்றில் இருந்தது பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற ஃபோலிக் மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் ஆலைப் பெண்களின் பட்டினி இருக்கிறது. லூசி வில்ஸ் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்தப் பெண்களின் பெயர்?

அதே 1928இல், அதே பம்பாயில், சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்து ஜூலையில் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலம், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். கர்ப்பிணியின் நேரம் முதலாளியின் நேரம் இல்லை என்பதைச் சட்டத்தின் பாஷையில் சொன்ன ஆரம்பக் குரல்களில் ஒன்று அது. பிற்காலத்தில் அவரே சர்க்கரை நோயாளியாகி, வேளை தவறாத சாப்பாட்டோடும் இன்சுலினோடும் மல்லுக்கட்டியதை நாம் அறிவோம்.

இனி ஒரு கேள்வி. பட்டினி கிடந்தவர்களின் பேத்திகளுக்கு ஏன் சர்க்கரை? “பணக்காரன் வியாதி உனக்கு எப்படிடி வந்துச்சு” என்று என் அண்ணியைக் கேட்டவர்கள் உண்டு. பதில் பட்டினியிலேயே இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவை மறித்ததால் ஹாலந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை 1998இல் வெளியிட்டார்கள். ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1992லேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்கள். வயிற்றில் பசியைப் பழகிய சிசு, பசியான உலகத்துக்குத் தயாராகவே பிறக்கிறது. பிறகு சோறு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடம்பு திணறுகிறது. புனேயைச் சுற்றிய கிராமங்களில் 1990களில் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை சுமார் 2.7 கிலோதான். ஆனால் உடம்பில் சதை குறைவாகவும் கொழுப்பு குறையாமலும் இருந்தது. மெலிந்து தெரிகிற கொழுத்த குழந்தை.

நம் பஞ்சங்களுக்கு இப்படி யாரும் கணக்கு வைக்கவில்லை. 1877இல், தாது வருசப் பஞ்சத்தில், ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். சாவுகள் பெருகிய பிறகு சில மாதங்களில் அந்தக் கூலியைக் கைவிட்டார்கள். காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சையை அந்தப் பஞ்சம் மற்ற மாவட்டங்கள்போல அடிக்கவில்லை. ஆனால் நெல் விளைகிற மண்ணிலேயே வருசா வருசம் ஒரு பஞ்சம் சேரிக்குள் நடந்துகொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்த ஆய்வுகளைக் காட்டி, இது உங்க ரத்தத்திலேயே ஊறினது என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். ரத்தத்தில் ஊறினது என்ற பேச்சை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆய்வு சொல்வது பட்டினி போட்ட வரலாற்றை.

சேரியின் பழைய சாப்பாடு எல்லாமே கேடு என்றும் நான் சொல்லவில்லை. ராத்திரிச் சோற்றோடு வயல் நண்டு இருந்தது, நத்தை இருந்தது, கெளுத்தி இருந்தது, வரப்புக் கீரை இருந்தது. எதையெல்லாம் தின்கிறோம் என்று ஊர் எங்களை இழித்துப் பேசியதோ அதைத்தான் இன்றைய அட்டவணை புரதம் என்று எழுதி, சோற்றைக் குறைத்து அதைக் கூட்டச் சொல்கிறது. இப்போது வயலில் மருந்து அடித்து அடித்து நத்தையும் நண்டும் அரிதாகிவிட்டன. 2011 ஜூனிலிருந்து ரேசனில் அரிசி இலவசம். பட்டினியை விரட்டியது அந்த அரிசி, அதைக் குறைசொல்பவன் பசி அறியாதவன். ஆனால் தட்டில் அரிசி மட்டும் மிஞ்சியது, கூட இருந்த நண்டு போய்விட்டது. கேழ்வரகுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நகரத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கேழ்வரகிலும் மாவுச்சத்துதான், மூன்று உருண்டை களி ஒரே வேளையில் இறங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

மருத்துவம் எங்கள் பெண்ணின் பொழுதுக்கு இறங்கி வந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரையை அளக்கும் முறையை 1964இல் வகுத்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓ’சல்லிவன், மஹன் என்ற இருவர். 752 பாஸ்டன் பெண்களின் ரத்தத்தை வைத்து வகுத்தது. பிறகு ஒன்பது நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அந்த ஒன்பதில் இந்தியா இல்லை. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்ற முறைக்கும் பெண் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உண்ணாமல் வர வேண்டும்.

வெறும் வயிற்றோடு வா என்று சொல்வது சுலபம். முதல் பஸ் ஏழு மணிக்கு. போய்ச் சேர ஒன்பது. ரத்தம் எடுக்கிறவர் வரப் பத்து. குளுக்கோஸ் தண்ணி குடித்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அன்றைய கூலி போச்சு. மயக்கம் வந்தால் பார்க்க ஆளில்லை. மறுதடவை அவள் வருவாளா? சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவர் குழுவினரும் இந்த இடத்தில்தான் யோசித்தார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்காதே. வந்த அன்றைக்கே 75 கிராம் குளுக்கோஸ் கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தச் சோதனை. 140க்குக் குறையாமல் இருந்தால் சர்க்கரை என்று எடுத்துக்கொள். தமிழ்நாட்டில் நகரம், சிறுநகரம், கிராமம் என்று 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இப்படிச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். நகரத்தில் நூற்றுக்கு 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9. கிராமத்தில் பத்தில் ஒருத்திக்கு என்றால் அது பணக்காரன் வியாதியா? மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் பிறகு இந்த முறையே ஏறியது. முதல் தடவை வரும்போது ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று.

இந்த முறை சிலரைத் தவறவிடுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அந்த விமர்சனத்தை ஒதுக்கக் கூடாது. ஆனாலும் என் பக்கம் இதுதான்: வராமலே போன பெண்ணை எந்தத் துல்லியமான சோதனையும் கண்டுபிடிக்காது. அந்த மூன்று எண்களில் ஊர் இருக்கிறது, சேரி தனியாக இல்லை. அதை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

சோதனை மட்டும் இறங்கி வந்தால் போதுமா? 2023 கோடையில் என் அண்ணிக்கு ஆறாம் மாதம். 140ஐத் தாண்டியது. இந்தத் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்போது அவர் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருசம் ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் தினம் இரண்டு தடவை நேரம் பதிகிற கைபேசிப் படம் கட்டாயம். படத்தில் இல்லாதவளுக்குக் கூலி இல்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டில் எல்லாரையும் நிறுத்தி எடுப்பார்கள். எட்டு மணி இட்லி வீட்டில் ஆயிற்று. பத்து மணி இட்லி தூக்குவாளியில் வேப்பமரத்தடியில் இருந்தது. படம் எடுத்து முடியட்டும் என்று பணித்தளப் பொறுப்பாளர் சொல்ல, பதினொன்றரை ஆயிற்று. பகல் சோறும் அதேபோல இரண்டாவது படத்துக்குக் காத்திருந்தது. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் இருக்க வேண்டிய அளவு குறையவில்லை. “சொன்னபடி சாப்பிடுறதில்ல, நாக்கு கேக்குது” என்று எழுதுகிறவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அண்ணி ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, “அவுங்க நாக்கப் பத்தி பேசுறாங்க, நான் போட்டாவப் பத்தி எப்புடிச் சொல்றது” என்றார்.

அந்த ஆண்டு அரசு கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருந்தது. சமுதாய வளைகாப்பில் ஐந்து வகைச் சோறு போட்டார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், சர்க்கரைக்காரப் பெண்ணுக்கு மாற்று என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, 3.4 கிலோ. பேறு முடிந்து ஆறு வாரத்தில் தாய்க்குத் திரும்பச் சோதனை செய்ய வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வருகிற வாய்ப்பு மற்றவளைவிடப் பல மடங்கு. எங்கள் தெருவில் அந்த ஆறு வாரச் சோதனைக்குப் போனவர்கள் யார் என்று விசாரித்தோம். ஒருத்தியும் இல்லை. அண்ணியையே மூன்று மாதம் கழித்துத்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

தொழிற்சாலை மதிலுக்குள் இருப்பவளுக்குச் சட்டம் ஒன்று செய்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம், பாபு ஜெகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரைமணியாவது ஓய்வு கொடு என்றது. அது கர்ப்பிணிக்கு என்று எழுதியதில்லை, பத்து மணி இட்லிக்கும் போதாது. ஆனாலும் நேரம் தொழிலாளிக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. வயலுக்கு அந்த அரைமணியும் எழுதப்படவில்லை.

அந்த ஆகஸ்ட் 15 கிராமசபையில் தெருப் பெண்கள் பதினேழு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட மனு ஒன்றைக் கொடுத்தோம். வேலைத்தளத்தில் கர்ப்பிணிகளுக்குக் காலை பத்து மணிக்குச் சாப்பிடக் கால்மணி நேரம் விட வேண்டும், அதைக் காரணம் காட்டிப் படத்திலிருந்து நீக்கக் கூடாது, சோதனைக்குப் போகிற நாளைக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மூன்றே கோரிக்கை. வாசித்துக் காட்டினேன். ஊர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர், “சோறு திங்கிறதுக்கெல்லாமா தீர்மானம்?” என்று சிரித்தார். அண்ணி கைக்குழந்தையோடு எழுந்து, “ஆமாங்க, அதுக்குத்தான்” என்றார். செயலர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, குடிநீர், தெருவிளக்கு, சாலை என்று தலைப்புகளைப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘இதர’ என்று போட்டு அதன் கீழே எழுதிக்கொண்டார்.